காரீயத் தாதுவை ஏன் வறுக்கிறார்கள்?

கேள்வி: காரீயத்தின் கந்தகத் தாதுவான கலீனாவைக் கரியோடு சேர்த்து நேரடியாக உருக்காமல், முதலில் காற்றில் வறுப்பது ஏன்?

பதில்: கரிக்கு ஆக்சிஜன்மீது உள்ள நாட்டம் கந்தகத்தின்மீது இல்லை; கரியும் கந்தகமும் சேர்ந்து கார்பன் டைசல்பைடு உருவாவதில் ஆற்றல் ஆதாயம் கிடையாது என்பதால், கரியால் கந்தகத்தை உலோகத்திலிருந்து பிரித்தெடுக்க இயலாது. ஆகவே தாதுவைக் காற்றில் வறுத்துக் காரீய ஆக்சைடாக மாற்றிய பின்னரே, ஊது உலையில் கல்கரியால் (கோக்) ஒடுக்குகிறார்கள், அதாவது ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்குகிறார்கள். வெளியேறும் கந்தக டைஆக்சைடு மூச்சை அடைக்கும் நச்சு வாயு. அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்குவதே முறையான ஆலைக்கு அழகு.

வறுத்தலைப் பாதியில் நிறுத்திக் காற்றைக் குறைத்து வெப்பத்தைக் கூட்டினால், எஞ்சிய சல்பைடே புதிதாக உண்டான ஆக்சைடோடு வினைபுரிந்து, கரியின் துணையின்றிக் காரீயத்தைத் தந்துவிடும் என்பது இதைவிடச் சுவையான செய்தி.

இவ்வாறு கிடைக்கும் காரீயத்தில் பெரும்பாலும் வெள்ளியும் கலந்திருக்கும். உருகிய காரீயத்தில் சிறிது துத்தநாகத்தைக் கலந்து ஆறவிட்டால், வெள்ளியை ஈர்த்துக்கொண்ட துத்தநாகம் மேலே ஆடையாகப் படியும். அதை வழித்தெடுத்துத் துத்தநாகத்தை ஆவியாக்கினால் வெள்ளி மிஞ்சும்.

துத்தநாகத் தாதுவையும் வறுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த உலோகம் 907 டிகிரி செல்சியசிலேயே கொதித்து உலையில் ஆவியாகிவிடுவதால், வறுத்த தாதுவைக் கந்தக அமிலத்தில் கரைத்து மின்னாற்பகுப்பால் பிரிப்பதே இன்று பெருவழக்கு.