லண்டன் மாணவர் விசா கிடைத்துவிட்டது, பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இல்லை. போனில் எதைப் பார்த்து உறுதி செய்வது?

கொட்டகலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தங்கச்சிக்கு விசா சரி என்று இமெயில் வந்திருக்கிறது, பாஸ்போர்ட்டில் ஒன்றும் ஒட்டவில்லை, அம்மா பயந்துபோயிருக்கிறார், ஏஜென்ட் "எல்லாம் என்கிட்ட இருக்கு, யோசிக்காதீங்க" என்கிறார். பாஸ்போர்ட்டைப் பற்றி அம்மா பயப்படத் தேவையில்லை. நான் பயப்படுவது ஏஜென்ட் சொன்னதைக் கேட்டுத்தான்.

2025 ஜூலை 15 முதல் பிரித்தானியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஸ்டிக்கர் இல்லை, ஈ-விசாதான். போய் இறங்கியதும் கையில் கொடுத்த பிஆர்பி என்ற வதிவிட அனுமதி அட்டையும் 2024ஓடு முடிந்துவிட்டது. நம் தோட்டத்துச் செக்ரோல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: பெயர் பதிந்திருப்பது ஆபீஸில், நம்மிடம் துண்டு எதுவும் இல்லை. அந்த ஆபீஸ் பிரித்தானிய உள்துறை அமைச்சு. பிரித்தானிய அரசாங்கத் தளத்தில் தங்கச்சி பெயரில் திறக்கும் கணக்குக்குள் போய்த்தான் ஈ-விசாவைப் பார்ப்பது. போனில் விசாவை டவுன்லோட் பண்ணி வைக்கிற வேலை இல்லை. போன் தொலைந்தால் விசா தொலையாது, வேறொரு போனில் உள்ளே போகலாம்.

ஆனால் உள்ளே போக மூன்று விஷயம் வேண்டும்: கணக்குத் திறந்தபோது கொடுத்த பாஸ்போர்ட் இலக்கம், பிறந்த திகதி, இமெயிலுக்கோ போனுக்கோ வரும் ஒரு கோட். முதல் இரண்டும் விண்ணப்பத்தை நிரப்பிய எல்லாருக்கும் தெரியும். மிச்சம் அந்தக் கோட் மட்டும்தான். அது யாருடைய இமெயிலுக்கு வருகிறதோ அவர் கையில்தான் உங்கள் தங்கச்சியின் விசா இருக்கிறது.

நம் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. பிள்ளைக்குச் சொந்த இமெயில் இருக்காது, இருந்தாலும் டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் கடைக்காரத் தம்பி தன் நம்பரைப் போட்டுத் திறந்து கொடுத்த ஜிமெயிலாக இருக்கும். ஏஜென்சிக்காரர்கள் வேலை சுலபமாகட்டும் என்று தங்கள் இமெயிலையே போட்டுவிடுகிறார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் நடந்தது. அங்கே போய்ப் பகுதிநேர வேலைக்குச் சேரும் நேரம் கோட் இங்கே ஏஜென்ட் போனுக்கு வந்தது, அவரோ போனை எடுக்கவில்லை. இரண்டு தொடர்பும் கைவிட்டுப் போனால் கணக்கை மீட்க வழி இருக்கிறது, ஆனால் வேலை கொடுக்கிறவர் அதுவரை காத்திருக்க மாட்டார்.

அதனால் செய்ய வேண்டியது இது. தங்கச்சி பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் திறந்து, மீட்பு நம்பராக வீட்டு நம்பரைக் கொடுங்கள். ஏஜென்ட் ஏற்கனவே கணக்குத் திறந்திருந்தால் அவர் முன்னால் உட்கார்ந்து, அவருக்கு வரும் கோடைக் கேட்டு உள்ளே போய், இமெயிலையும் போன் நம்பரையும் மாற்றுங்கள். மிச்சக் காசு கொடுப்பதற்கு முன்னால்! இன்னும் திறக்கவில்லை என்றால் நீங்களே திறக்கலாம். பாஸ்போர்ட்டும், விண்ணப்பத்தின் ஜிடபிள்யூஎஃப் இலக்கமும் போதும். அரசாங்கத் தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் அரசாங்கத் தளம் இல்லை.

கோட் இமெயிலுக்கு வருகிற மாதிரி வைப்பதுதான் நல்லது. லயத்தில் சிக்னல் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை, எஸ்எம்எஸ் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அங்கே போன பிறகும் நம் சிம்மை ரீலோட் பண்ணி ரோமிங்கில் வைத்திருந்தால்தான் எஸ்எம்எஸ் வரும். லண்டன் நம்பர் எடுத்ததும் கணக்கில் அதைப் போட்டுவிடட்டும்.

உள்ளே போனதும் முதலில் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, அப்பா பெயர் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம், எல்லாம் மலையகத்தில் எந்தக் குடும்பத்துக்கும் புதிதில்லை. ஈ-விசாவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். படம், பிறந்த திகதி, விசா முடியும் திகதி, வேலை செய்ய அனுமதி எத்தனை மணித்தியாலம், எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அறிவிக்கத் தளத்திலேயே ஒரு பக்கம் இருக்கிறது. கட்டுநாயக்கவுக்குப் போகும் முன் அறிவியுங்கள், இறங்கிய பிறகு இல்லை.

அடுத்தது ஷெயார் கோட், அதாவது தங்கச்சியின் விசா விவரத்தை மற்றவர்கள் பார்க்கக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கோட். வேலை கொடுப்பவருக்குக் காட்டுவது டபிள்யூ எழுத்தில் தொடங்கும், இங்கிலாந்தில் வாடகைக்கு வீடு தருபவருக்கு ஆர், மற்ற எல்லாவற்றுக்கும் எஸ். ஒவ்வொன்றும் 90 நாள் செல்லும், முடிந்தால் புதிதாக எடுக்கலாம். ஷெயார் கோடும் பிறந்த திகதியும் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஸ்க்ரீன்ஷொட் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். விமான நிறுவனம் பாஸ்போர்ட் இலக்கத்தை வைத்துப் பார்க்கும். இருந்தாலும் ஒரு எஸ் கோட் எடுத்து, விசா சரி என்ற இமெயிலோடு அச்சடித்துக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு அந்த நேரம் வைஃபை கிடைக்கும் என்று யார் சொன்னது?

'யூகே ஈடிஏ' என்று ஒரு செயலி வரும், அதைத் தொடாதீர்கள். அது விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கு, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அது பொருந்தாது.

சவூதியில் வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்கு லீவில் வந்து திரும்பும் அனுமதியை எடுப்பது எஜமான், சவூதி அரசாங்கத்தின் அப்ஷர் என்ற தளத்தில் அவருக்குள்ள கணக்கிலிருந்து. அதை ஊரில் பார்த்துப் பழகியதால்தான் "ஏஜென்ட்கிட்ட இருக்கு" என்றதும் நாம் சும்மா இருந்துவிடுகிறோமோ என்னவோ. பிரித்தானியக் கணக்கு அப்படியில்லை, அது தங்கச்சி பெயரில் உள்ளது.

இடையில் பாஸ்போர்ட் மாறினால், கண்டியில் புதுப்பித்தாலும் சரி லண்டன் தூதரகத்தில் எடுத்தாலும் சரி, புதிய இலக்கத்தைக் கணக்கில் சேர்த்த பிறகுதான் டிக்கெட் போட வேண்டும்.