777க்கு மேல் என்ன கொடுப்பது? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

எங்கள் கல்லூரி ஹாஸ்டல் கட்டண ஆப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்), எஞ்சின்எக்ஸ் (வெப் சர்வர்), டெபியன் 12 (லினக்ஸ்). எல்லா லாக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று ஆப்பின் லாக்கை /வார்/லாக் கீழே தனி டைரக்டரிக்கு மாற்றினேன். அன்றிலிருந்து சில நாள் காலையில் பார்த்தால் சைட் முழுக்க 500 எரர். லாக் ஃபைலைத் திறக்க முடியவில்லை, ‘பெர்மிஷன் டினைட்’ என்கிறது. 777, அதாவது யாரும் படிக்க, எழுத, இயக்க அனுமதி, போட்டால் சரியாகிறது. இரண்டு மூன்று நாளில் மறுபடி அதே கதை. கடுப்பாகிப் போன வாரம் மொத்த /வார்/லாக்குக்கும் ரிகர்சிவாக (உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து) 777 போட்டேன். அப்போதும் போகவில்லை. போதாததற்கு எஞ்சின்எக்ஸ் லாக் வேறு பெருத்துக்கொண்டே போகிறது, டிஸ்க் நிறைகிறது. 777க்கு மேல் என்ன கொடுப்பது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

777க்கு மேல் கொடுக்க எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த சொல் ‘சில நாள்’. தினமும் எரர் வந்தால் டைரக்டரியைச் சந்தேகிக்கலாம். சில நாள் மட்டும் வருகிறதென்றால், அந்த ஃபைலை அன்றைக்கு முதலில் உருவாக்கியது யார் என்று பார்க்க வேண்டும்.

லாக் டைரக்டரியில் ‘எல்எஸ் -எல்’ போடுங்கள், ஒவ்வொரு ஃபைலின் ஓனரும் மோடும் (யாருக்கு என்ன அனுமதி என்பது) தெரியும். லாராவெலின் டெய்லி சேனல் நாளுக்கு ஒரு ஃபைல், தேதி போட்டு வைக்கும். ஒழுங்காக ஓடிய நாட்களின் ஃபைலுக்கு ஓனர் வெப் யூசராக இருப்பார், அதாவது டெபியனில் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா’. எரர் வந்த நாட்களின் ஃபைலுக்கு ஓனர் ரூட் (சிஸ்டத்தில் முழு அதிகாரம் உள்ள யூசர்) என்று இருக்கும் என்பது என் ஊகம். நீங்கள் இதுவரை கைவைக்காத புது ஃபைல் என்றால் மோட் 644, அதாவது ரூட் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்.

லாராவெலின் ஷெட்யூலரை (குறித்த நேரத்து வேலைகளை ஓட்டுவது) ரூட்டின் கிரான்டாபில் (தானாக ஓடும் வேலைகளின் பட்டியல்) போட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நள்ளிரவு தாண்டியதும் முதல் வரியை எழுதுபவர்தான் அன்றைய ஃபைலின் ஓனர். பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு மாணவர் லாகின் செய்து அதில் ஏதாவது லாக் ஆனால் ஃபைல் வெப் யூசருடையது. ரூட் எதிலும் எழுதலாம் என்பதால் அன்றைக்குப் பிரச்சினை இல்லை. ஹாஸ்டல் தூங்கிவிட்டு, கிரான் வேலை முந்திக்கொண்டால் ஃபைல் ரூட்டுடையது, காலையில் 500. நீங்கள் போடும் 777 அன்றைக்கு இருக்கும் ஃபைலின் மோடைத்தான் மாற்றுகிறது. நாளைக்குப் பிறக்கப்போகும் ஃபைலுக்கு அது செல்லாது. டைரக்டரி 777ஆக இருந்தாலும் உள்ளே ரூட் உருவாக்கும் ஃபைல் 644தான்.

எனவே அந்தக் கிரான் வரியை ரூட்டிடமிருந்து எடுத்து, ‘கிரான்டாப் -யு’ கொடுத்து வெப் யூசரின் கிரான்டாபில் சேருங்கள். கியூ வொர்க்கரை (பின்னணி வேலைகளைச் செய்யும் பிராசஸ்) சூப்பர்வைசரில் (பிராசஸ்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம்) ஓட்டினால் அதன் கான்ஃபிகில் யூசர் வரி இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் அதுவும் ரூட்டாகத்தான் ஓடும். டிப்ளாய் செய்யும்போது ஆர்டிசன் (லாராவெலின் சொந்தக் கருவி) கமாண்டுகளை ‘சுடோ -யு’ போட்டு அதே யூசராக ஓட்டுங்கள். பிறகு ஆப்பின் லாக் டைரக்டரியை, உள்ளே இருக்கும் பழைய ஃபைல்களோடு, வெப் யூசருக்கும் ‘ஏடிஎம்’ குரூப்புக்கும் (லாக் படிக்க உரிமை உள்ள குரூப்) சிஎச்ஓன் செய்து (உரிமையை மாற்றி) டைரக்டரிக்கு 2750 கொடுங்கள். முன்னால் உள்ள 2, புது ஃபைல்களும் அதே குரூப்பில் விழுவதற்காக.

ரூட் எழுதுவதை நிறுத்தச் சொல்வது 500 எரருக்காக மட்டும் இல்லை. 2016ல் டெபியனின் எஞ்சின்எக்ஸ் பேக்கேஜில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது, அதன் பதிவு எண் சிவிஇ-2016-1247. அதில் /வார்/லாக்/எஞ்சின்எக்ஸ் டைரக்டரிக்கு ஓனர் வெப் யூசர். ஆனால் லாக் ரொடேட் ஆனதும் (பழையதை ஒதுக்கிப் புது ஃபைல் தொடங்கும்போது) ஃபைலை மறுபடி திறப்பது ரூட்டாக ஓடும் மாஸ்டர் பிராசஸ். ஆப்பில் ஏதோ ஒரு சந்து வழியாக வெப் யூசராக உள்ளே வந்தவர், எரர் லாக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு சிஸ்டம் ஃபைலுக்கு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைக் காட்டும் குறுக்குவழி) வைத்தால் போதும். அடுத்த ரொடேஷனில் ரூட்டே அந்த ஃபைலை உருவாக்கிக் கொடுத்துவிடும். அதன் பிறகுதான் அந்த டைரக்டரி ரூட் வசம் போனது. வெப் யூசரின் டைரக்டரியில் ரூட் கிரான் எழுதும் உங்கள் ஏற்பாடும் ஏறக்குறைய அதே ஜாதி.

இனி அந்த ரிகர்சிவ் 777. 777 போடும் சிஎச்மோட் கமாண்ட் ஓனரை மாற்றாது, அந்த மட்டில் தப்பித்தீர்கள். எஞ்சின்எக்ஸ் லாக் பெருப்பதற்குக் காரணமும் அந்த 777தான். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய டைரக்டரியில் லாக்ரொடேட் (லாக்கை ரொடேட் செய்யும் புரோகிராம்) வேலை செய்ய மறுத்துவிடும். ‘ஜர்னல்சிடிஎல் -யு லாக்ரொடேட்’ போட்டால், டைரக்டரியின் பெர்மிஷன் பாதுகாப்பாக இல்லை, அதனால் ஸ்கிப் செய்கிறேன் என்று புலம்பியிருப்பதைப் பார்க்கலாம். /வார்/லாக்கையும் அதற்குள் உள்ள எஞ்சின்எக்ஸ் டைரக்டரியையும் 755க்கும், எஞ்சின்எக்ஸின் ஃபைல்களை 640க்கும் கொண்டுவாருங்கள்.

அதைவிட அவசரம் ‘பிடெம்ப்’ என்ற ஃபைல். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் அதில் பதிவாகின்றன. யூசர்நேம் கேட்கும் இடத்தில் அவசரத்தில் பாஸ்வேர்டை அடித்துவிடுபவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு; அது அப்படியே அங்கே போய் உட்காரும். இப்போது அந்தச் சர்வரில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். ‘சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் --கிரியேட்’ என்று ரூட்டாக ஒருமுறை ஓட்டினால் பிடெம்ப், டபிள்யூடெம்ப் (லாகின் பதிவு), ஜர்னல் (சிஸ்டம்டியின் லாக்) டைரக்டரி ஆகியவை பழைய மோடுக்குத் திரும்பும். மீதிக்கு, கைபடாத இன்னொரு டெபியன் 12 மெஷினில் பார்த்து அதே மாதிரி வையுங்கள்.

டெய்லி சேனல் பழைய ஃபைல்களைத் தானே அழித்துவிடும், டிஃபால்ட்டாக 14 நாள். அதன்மேல் லாக்ரொடேட்டை வேறு ஏற்ற வேண்டாம்.

ஃபைல் பஞ்சாயத்தே வேண்டாம் என்றால் லாக் சேனலை சிஸ்லாக் (சிஸ்டத்தின் பொது லாக்) என்று மாற்றலாம். ஆப் எந்த ஃபைலையும் திறக்காது. /டெவ்/லாக் என்ற சாக்கெட்டில் செய்தியைப் போடும், யாரும் அதில் போடலாம். எழுதிவைப்பது ஜர்னலின் வேலை. டெபியன் 12ல் ஆர்சிஸ்லாக் (அந்தச் செய்திகளை ஃபைலில் எழுதும் புரோகிராம்) டிஃபால்ட்டாக வராது, ஜர்னல்சிடிஎல் மூலம் ஆப் பெயரை வைத்துத் தேட வேண்டும். நீளமான ஸ்டாக் ட்ரேஸை (எரர் வந்த வழியின் பட்டியல்) அதில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. ஒற்றை ஆப் ஓடும் உங்கள் சர்வருக்கு ஃபைலே போதும் என்பேன்.

இத்தனைக்குப் பிறகும் டினைட் வந்தால் ‘நேம்ஐ -எல்’ என்று போட்டு லாக் ஃபைலின் முழுப் பாதையையும் கொடுங்கள். மேலிருந்து கீழே ஒவ்வொரு டைரக்டரியின் ஓனரையும் மோடையும் வரிசையாகக் காட்டும். வழியில் ஏதோ ஒன்றில் வெப் யூசருக்கு ‘எக்ஸ்’ (உள்ளே நுழையும் அனுமதி) இல்லாமல் இருக்கும். அந்த அவுட்புட்டை அப்படியே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.