அலுமினியத்தில் ஒட்டியது ஏன் உரிகிறது? சிலேன் பற்றிக் கேள்வி பதில்

பசை வேலைதான் என் பிழைப்பு. தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (முகத்துவாரம்): அண்ணை, படகின் அலுமினியத் தகட்டில் எபொக்சியால் ஒட்டிய பிராக்கெட் ஒரு மாதம் அசையவில்லை, மழை தொடங்கியதும் அப்படியே உரிந்து வந்துவிட்டது. பசை போலியா?

பதில்: பசையில் பிழை இருக்காது தம்பி. அலுமினியத்தின் மேல் சில நானோமீற்றர் ஒக்சைட் தோல் எப்போதும் உண்டு, எபொக்சி பிடிப்பது அதைத்தான். தண்ணீருக்கும் அதில் ஆசை, எபொக்சியை விட அதிக ஆசை. ஓரத்தால் மெல்ல ஊறிப்போய்ப் பசையைத் தள்ளிவிட்டு அது குந்திவிடும். அதைத் தாமதிக்கத்தான் பசைக்கு முன் தகட்டில் சிலேன் பூசுகிறோம். சிலேன் இரண்டு பக்கமும் கை கோர்க்கிற மூலக்கூறு: ஒரு நுனி தண்ணீரில் சிலனோலாக மாறி ஒக்சைட்டோடு பிணையும், மறுநுனியில் இருக்கிற எபொக்சி வளையம் பசை இறுகும்போது அதோடு சேர்ந்துவிடும். கிளைசிடொக்சிபுரொப்பைல் டிரைமெதொக்சிசிலேன் என்று கேட்டு வாங்குங்கள்.

அசிற்றோனால் துடைத்து, சாண்ட் பேப்பர் போட்டு, திரும்பவும் துடைத்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, படலமாகப் பரவ வேண்டும். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 1 மில்லி சிலேன், அசற்றிக் அமிலத் துளிகளால் பீஎச் 5க்குக் கொண்டுவந்து ஒரு மணித்தியாலம் கலக்கி, அன்றைக்கே பூசி, வழியவிட்டு, 90 பாகையில் ஒரு மணித்தியாலம் உலர்த்துங்கள். மெதனோல் ஆவி வரும், சன்னலைத் திறந்து வையுங்கள். தடிப்பாகப் பூசாதீர்கள்! சரியாகப் பிணையாத மேல்படை அங்கேயே உடையும்.

கேள்வி (தெமட்டகொடை): கையில் சிலிக்கோன் டியூப் இருக்கிறது, அதை அடியில் பூசலாமா?

பதில்: வேண்டாம். பெயர் மட்டும்தான் கிட்ட. சிலிக்கோன் பட்ட இடத்தில் எபொக்சி நிற்காது.

கேள்வி (மொறட்டுவ): இரசாயனப் பிணைப்பெல்லாம் கதை சார். சொரசொரப்பில் பசை கொளுவிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பதில்: சொரசொரப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? காய்ந்த நிலையில் இழுத்துப் பார்த்தால் சிலேன் பூசியதற்கும் பூசாததற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அந்தச் சோதனையில் நீங்கள்தான் வெல்வீர்கள். மூன்று மாதம் ஈரத்தில் வைத்துவிட்டு இழுங்கள். ஒரே சாண்ட் பேப்பர் போட்ட இரண்டு தகட்டில் ஒன்று மட்டும் ஏன் நிற்கிறது? 1977இல் கெட்டிங்ஸ், கின்லாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிலேன் பூசிய உருக்கை அயன் (மின்னேற்றம் உள்ள துணிக்கை) கற்றையால் அடித்துப் பார்த்தார்கள். இரும்பும் சிலிக்கனும் ஒக்சிஜனும் ஒன்றாகச் சேர்ந்த துண்டு வெளியே வந்தது.

கேள்வி (அவரே): அது இரும்பு. அலுமினியம் இல்லையே?

பதில்: நல்ல பிடி. அலுமினியத்திலும் பிறகு அதேபோலக் கண்டார்கள். ஆனால் உங்களுக்கும் ஒன்று விட்டுத்தருகிறேன்: அந்தப் பிணைப்பையும் தண்ணீர் மெல்ல மெல்ல அறுக்கும். சிலேன் நாளைக் கூட்டும், நிரந்தரம் ஆக்காது.

கேள்வி (செட்டியார் தெரு): தங்கத்துக்கு?

பதில்: தங்கத்தில் ஒக்சைட் தோல் இல்லை, இந்தச் சிலேனுக்குப் பிடிமானம் இல்லை. கந்தக நுனி உள்ள தயோல் பாருங்கள்.

கேள்வி (தெஹிவளை): சிலிக்கோன் ஸ்பிரே அடித்துவிட்டு ஒட்டினால்?

பதில்: தெமட்டகொடைக்காரருக்குச் சொன்னதை வாசியுங்கள் தங்கச்சி.

கேள்வி (பம்பலப்பிட்டி): இரண்டு மூன்று தடவை பூசினால் இன்னும் பலமா?

பதில்: இல்லை. இல்லை. இல்லை.

கேள்வி (முகத்துவாரம்): அண்ணை, தகடு பெரிது, அவணில் வைக்க ஏலாது. வெயிலில் காயவைக்கவா?

பதில்: கடற்கரை வெயிலில் வேண்டாம், உப்புப் படியும். உள்ளே வைத்து ஹீட் கன்னால் சூடாக்குங்கள். ஒட்டி இறுகியதும் ஓரத்தைச் சீலன்ட் போட்டு அடையுங்கள், பொலியூரிதேன் சீலன்ட். சிலிக்கோன் என்று கேட்டுவிடாதீர்கள்.