ஸ்கொயர் லெக்கில் நின்றவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மதுரையில் ஒரு மொபைல் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். போன வாரம் ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை தெரிகிற ஒரு கிரவுண்டில் மேலூர் டீமோடு இருபத்தைந்து ஓவர் மேட்ச். ஸ்டிச் பால், மேட் விக்கெட். அவர்கள் 142. கடைசி ஓவரில் நாங்கள் ஒன்பது விக்கெட்டுக்கு 141. இரண்டு பந்து, இரண்டு ரன். நான் ஒன்பது ரன்னில் அவுட்டாகி வந்து, பேட்ஸ்மேனுக்குப் பக்கவாட்டில் ஸ்கொயர் லெக் அம்பயராக நின்றிருந்தேன். இங்கெல்லாம் பேட்டிங் டீம்தான் அம்பயருக்கு ஆள் தரும், உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஆள் பந்தைத் தட்டிவிட்டு ஓடினார். எதிர் முனையிலிருந்து கீப்பர் பக்கம் ஓடி வந்தவர் டீமிலேயே மூத்தவர். மாமா என்றுதான் கூப்பிடுவோம். கீப்பர் பெயில்ஸைத் தட்டியபோது மாமாவின் மட்டை கோட்டின் மேல் இருந்தது, உள்ளே வரவில்லை. தெளிவாகப் பார்த்தேன். விரலைத் தூக்கிவிட்டேன். ஒரு ரன்னில் தோற்றோம். மாமா என் பக்கம் திரும்பாமலே நடந்து போய்விட்டார். கேப்டன், ‘நம்மாளுக்கே கையத் தூக்குறியேடா, நீ எந்த டீமு?’ என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் மோசம். சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்குத்தான், அதுகூடத் தெரியாதா என்கிறார்கள். இப்போது யோசித்தால் ஒருவேளை உள்ளே வந்திருப்பாரோ என்று எனக்கே தோன்றுகிறது. நான் செய்தது தப்பா அண்ணே? ஸ்கோர்ஷீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் முதலில் ‘தெளிவாகப் பார்த்தேன்’ என்று வருகிறது. அப்புறம் ‘ஒருவேளை’ வருகிறது. நடுவில் மாமாவின் மட்டை நகர்ந்துவிடவில்லை. கேப்டன் கத்தினார், குரூப்பில் மெசேஜ் வந்தது, அவ்வளவுதான். பெயில்ஸ் விழுகிற நேரத்தில் அம்பயருக்குச் சந்தேகம் வந்தால் அதன் பலன் பேட்ஸ்மேனுக்கு. ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது வருகிற சந்தேகத்துக்கு எந்தப் பலனும் கிடையாது.

விதியில் குழப்பமே இல்லை. கிரீஸ் என்பது கோட்டின் ஸ்டம்ப் பக்கத்து விளிம்பு. மட்டையோ உடம்போ அதைத் தாண்டித் தரையைத் தொட்டிருக்க வேண்டும். கோட்டின் மேல் இருந்தால் அவுட். நம் கிரவுண்டுகளில் மேட் விரிப்பில் பூசிய வெள்ளை சாயங்காலத்துக்குள் ஷூ பட்டுத் தேய்ந்து பாதி காணாமல் போயிருக்கும் என்பது வேறு விஷயம். அப்படியிருந்தும் தெளிவாகப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன்.

‘நீ எந்த டீமு’ என்று கேட்டாரே உங்கள் கேப்டன், அந்தக் கேள்வி 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்திலும் எழுந்தது. இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்ட். கடைசி நாள், கடைசி ஓவர், இந்தியாவுக்கு ஒன்பது விக்கெட் போய்விட்டது. ஸ்கோர் சமமாகி நிற்கிறது, வேண்டியது ஒரே ஒரு ரன். எதிர் முனையில் ரவி சாஸ்திரி நிற்கிறார். ஐந்தாவது பந்து மணீந்தர் சிங்கின் காலில் பட்டது. பந்து போட்ட கிரெக் மேத்யூஸ் அப்பீல் செய்யவும் அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிவிட்டார். அப்போதெல்லாம் டெஸ்டில் இரண்டு அம்பயரும் உள்ளூர்க்காரர்கள். இந்தியாவில் நடந்த ஆட்டத்தில் ஓர் இந்தியர் இந்தியருக்கு விரலைத் தூக்கினார். மேட்ச் டை. பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் சொன்னார், அவுட்தான் என்று விக்ரம்ராஜு சொன்னார். அதற்குப் பிறகு விக்ரம்ராஜு எந்த டெஸ்டிலும் அம்பயராக நிற்கவில்லை. கவனித்தீர்களா, உங்கள் மேட்சைப் போலவே அதிலும் ஒரு பந்து மிச்சம்.

இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. சொந்த ஆளுக்கு அவுட் கொடுப்பவனை யாரும் தோளில் தூக்கி வைத்து ஆட மாட்டார்கள். அது தெரிந்ததால்தானே பொது ஆளைத் தேடிப் போனார்கள். அதே வருஷம் நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டுக்கு வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்று இரண்டு இந்தியர்களைக் கூட்டிப்போய் நிற்கவைத்தார்கள். அதுவும் போதாமல் 1992-இல் டர்பனில் டிவியைப் பார்த்து அவுட் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படி முதலில் அவுட்டானவர் நம் சச்சின். அதுவும் ரன் அவுட்தான். உங்களுக்கு டிவியும் இல்லை, வெளியூர் அம்பயரும் இல்லை. பெரிய மேட்ச் அம்பயர்போல, பௌலர்கள் கழற்றித் தந்த தொப்பி கழுத்திலும் ஸ்வெட்டர் இடுப்பிலும்கூட இருந்திருக்காது. பேடைக் கழற்றிய கையோடு போய் நின்றிருப்பீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே மாதிரி ஸ்கொயர் லெக்கில் நின்றேன். எங்கள் ஆள் இறங்கி வந்து அடிக்கப் போய்ப் பந்தை விட்டுவிட்டார். கீப்பர் ஸ்டம்பைத் தட்டினார். கால் வெளியே இருந்தது, ஒரு சாண். நான் அவுட் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டேன். இரண்டு விக்கெட்டில் ஜெயித்தோம். அந்தக் கீப்பருக்கு நாற்பது வயதிருக்கும். சண்டைக்கு வருவார் என்று வயிற்றைக் கலக்கியது. வரவில்லை. குனிந்து பெயில்ஸை எடுத்தார், அதில் ஒட்டியிருந்த மண்ணைப் பேன்ட்டில் துடைத்தார், ஸ்டம்பின் மேல் வைத்தார், என்னைப் பார்த்து ‘சரிப்பா’ என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் கேப்டன் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தார், எனக்கு மட்டும் இரண்டு டம்ளர். அந்த மேட்சில் நான் எத்தனை ரன் அடித்தேன் என்பதுகூட மறந்துவிட்டது. அவர் பேன்ட்டில் பெயில்ஸைத் துடைத்தது மறக்கவில்லை.

சரி, ஸ்கோர்ஷீட்டுக்கு வருவோம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலூர்க்காரர்களின் 142-இல் வைடு மட்டும் 17. அதில் ஐந்து ஒரே ஓவரில். அந்த ஓவரைப் போட்டவர் பெயரைப் பார்த்தால் உங்கள் கேப்டன் என்றுதான் தெரிகிறது. குரூப்பில் அதைப் பற்றி யாராவது பேசினார்களா? நீங்களும் கிளற வேண்டாம். தோற்ற டீமில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமை ஆடுவதற்குப் பதினோரு பேர் மிஞ்ச மாட்டார்கள்.

ஆனால் டோர்னமென்ட்டில் செய்வதுபோல, அடுத்து ஆடக் காத்திருக்கும் டீமிலிருந்து அம்பயருக்கு ஆள் கேட்கலாம். டீச் செலவைப் பகிர்ந்துகொண்டால் வருவார்கள். அதுவரை உங்களை நிற்கச் சொன்னால் நில்லுங்கள். சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன், அதுவும் ஒரு லாபம்தான். வெயிலில் நிற்க வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. இவ்வளவு பேர் பேசியிருக்கிறார்கள், மாமா பேசியதாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கிரவுண்டிலும் அவர் நின்று வாதாடவில்லை, குரூப்பிலும் அவர் சத்தம் இல்லை. மட்டை எங்கே இருந்தது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பேட் கட்டும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். என்ன சொன்னார் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்