முறிந்த இடத்தில் புடைப்பு: எலும்பு தப்பாகச் சேர்ந்துவிட்டதா?

கேள்வி: வயது 38. முன்னங்கை எலும்பு முறிந்து 6 வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். பிரித்தபின் எடுத்த எக்ஸ்-ரேயில் முறிந்த இடம் மட்டும் முண்டு கட்டினாற்போல் இருக்கிறது. இது கரையுமா? கையை அசைக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறதா என்பதைப் படத்தைப் பார்த்த உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் புடைப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் எலும்பு கூடிவருகிறது என்றுதான் அர்த்தம்.

எலும்பைக் கல் மாதிரி நினைக்கிறோம். அது ரத்தம் ஓடுகிற, உயிருள்ள திசு. கொலாஜன் என்ற புரத நார்மேல் கால்சியம் பாஸ்பேட் உப்பு படிந்து இறுகியது. உப்பு மட்டும் இருந்தால் சாக்பீஸ் போல ஒடியும், நார் மட்டும் இருந்தால் ரப்பர் போல வளையும். முறிந்ததும் அங்கே ரத்தம் கட்டி, பிறகு குருத்தெலும்பு பாலம் போட்டு, அதுவே எலும்பாக மாறுகிறது. இந்த முதல் எலும்பில் நார்கள் கன்னாபின்னாவென்று கிடப்பதால் வலு குறைவு. அதை ஈடுகட்ட உடல் சுற்றிலும் தடிமனாகப் பூசிவிடுகிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இனிமேல்தான் செதுக்கும் வேலை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல் எலும்பின்மேல் அட்டை போல ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரந்து குழி பறிக்கும். பின்னாலேயே வரும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பும். பறிக்கச் சில வாரம், நிரப்ப 3, 4 மாதம். முறிவே இல்லாதவர்களுக்கும் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதிதாகிறது. தோல் காயம் ஆறினால் தழும்பு நிற்கும், எலும்போ எலும்பாகவே ஆறுகிறது, எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்! புடைப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் குறையும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் தங்கினாலும் கெடுதல் இல்லை.

எங்கே பறிப்பது, எங்கே பூசுவது என்பதை எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள், எலும்பில் விழும் அழுத்தத்தை உணர்ந்து சொல்கின்றன. பாரமே இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதம் 1 சதவீதத்துக்கு மேல் தேய்கிறது. அதனால் கையைச் சும்மா வைக்காதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில் விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாவற்றையும் அசையுங்கள், எடை தூக்குவதை அவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள், புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். வலி கூடிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ உடனே போய்க் காட்டுங்கள்.