பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

மகள் ஒன்பதாம் வகுப்பு, 800 மீட்டரும் ரிலேயும் ஓடுகிறாள், கையில் கேனான் 1500டி-யும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கிறது, 70-200 எஃப்/2.8 லென்ஸ் இல்லாமல் ஸ்போர்ட்ஸ் எடுக்கவே முடியாது என்கிறார்கள், தவணையில் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். இந்த வருஷம் வேண்டாம்.

நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். பதினோரு வருஷமாக எங்கள் ஸ்போர்ட்ஸ் டேயும் சப் ஜில்லா மீட்டும் எடுக்கிறேன், சில வருஷம் பிள்ளைகளோடு பாலக்காடு வரை போய் ஜில்லா மீட்டும் எடுத்திருக்கிறேன். நீங்களும் சித்தூர் தாலுகா என்று எழுதியிருப்பதால் நம் ஊர் மைதானத்தையும் நம் ஊர் வெளிச்சத்தையும் வைத்தே சொல்கிறேன்.

லென்ஸுக்குப் போகும் முன் ஒன்று. சில வருஷத்துக்கு முன் எருத்தேம்பதியிலிருந்து வரும் ஒரு பெண் 200 மீட்டர் ஓடினாள். நல்ல படம் ஒன்று கிடைத்தது, இரண்டு காலும் தரையில் இல்லை, பின்னால் தெறித்த செம்மண் துகள்கூட அந்தரத்தில் நிற்கிறது. பிரிண்ட் போட்டு அவள் அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முகம் கொஞ்சம் தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் டீச்சர்" என்றார். பக்கவாட்டில் நின்று எடுத்த படம் அது. ரிப்பன் அவிழ்ந்து பாதி முகத்தை மூடியிருந்தது. நம் பிள்ளைகளில் பலருக்கு ஓடும்போது எடுத்த படம் என்று வாழ்க்கையில் அந்த ஒன்றுதான் இருக்கும். அன்றிலிருந்து நான் லென்ஸைப் பார்ப்பது ஒரே கேள்வியோடுதான்: எந்தத் தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில், முகம் தெளிவாகக் கிடைக்கும்?

தூரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உங்கள் கேமராவின் சென்சார் நீளவாக்கில் 22 மிமீ சொச்சம். பிள்ளை நிற்கும் தூரத்தை மீட்டரில் எடுத்து, 22-ஆல் பெருக்கி, லென்ஸின் எம்எம்மால் (55, 250 என்று அதன் பெயரிலேயே வரும் எண்) வகுத்தால் படச் சட்டத்தின் நீளப் பக்கத்தில் எத்தனை மீட்டர் அடங்கும் என்று வந்துவிடும். ஓடும் பிள்ளையைக் கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால், சட்டத்தில் மூன்று மீட்டருக்குள் அடங்கினால் நல்லது, ஒன்றரை மீட்டர் உயரப் பெண் பாதிச் சட்டத்தை நிறைத்துவிடுவாள், கண்ணும் தெரியும். 250 எம்எம் என்றால் அது சுமார் 34 மீட்டர் தூரம், 85 எம்எம் என்றால் பதினொன்றரை மீட்டர். உங்கள் 18-55-ஐ 55-இல் வைத்தால் ஏழரை மீட்டர். ஆக இருக்கிற லென்ஸ் ஒன்றுக்கும் ஆகாது என்பதும் தப்பு. கபடிக் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்தால் அதே லென்ஸ் போதும், ரெய்டர் உங்கள் மடியில் வந்து விழுகிற தூரம்தான் அது. ட்ராக்குக்குத்தான் அது போதாது, பந்தயம் நடக்கும்போது ஏழு மீட்டருக்குள் உங்களை யாரும் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

அடுத்தது வெளிச்சம். எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிரகாசமாக வரும், ஷட்டர் வேகம் கூடினால் அசைவு உறையும். எஃப்/2.8 இல்லாமல் முடியாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரவு விளக்கிலும் உள்ளரங்கிலும் எடுப்பவர்கள், அவர்களுக்கு அது உண்மை. நமக்குக் காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் தலைக்கு மேல் வெயில். பழைய கணக்கு ஒன்று உண்டு, நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் கீழ் ஒன்று. ஐ.எஸ்.ஓ. 400 என்றால் 1/400. அங்கிருந்து எஃப்/5.6-க்கு வந்தால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு), அதாவது எட்டு மடங்கு வெளிச்சம், ஷட்டர் 1/3200-க்குப் போய்விடும். பள்ளி ஓட்டத்துக்கு 1/1000 போதும். நன்றாக மூடிய வானம் என்றால் மறுபடி மூன்று ஸ்டாப் இறங்கும், அப்போதும் ஐ.எஸ்.ஓ.-வை 1600-க்கு ஏற்றினால் 1/1600 கிடைக்கிறது. சாதாரண எஃப்/5.6 லென்ஸே போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது கேனான் 55-250 எஃப்/4-5.6 ஐ.எஸ். எஸ்.டி.எம். பெயரில் கடைசியில் வரும் அந்த எஸ்.டி.எம். முக்கியம், அது ஃபோகஸ் மோட்டாரின் வகை, லென்ஸின் மேலேயே எழுதியிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். இதே 55-250-இல் ஐ.எஸ். II என்று பழையது ஒன்று உண்டு, 1500டி-யோடு இரண்டு லென்ஸ் செட்டாக விற்றதும் அதுதான், செகண்ட் ஹேண்டில் நிறைய வருகிறது. அதில் ஃபோகஸ் மோட்டார் மெதுவானது, சத்தமும் வரும், நேரே ஓடி வரும் பிள்ளையைத் துரத்திப் பிடிக்கத் திணறும். விலை குறைவு என்று யாராவது கொடுத்தால் வேண்டாம் என்றே சொல்வேன். எஸ்.டி.எம். எடை 375 கிராம்தான், காலையிலிருந்து சாயங்காலம் வரை கழுத்தில் கிடந்தாலும் வலிக்காது. லென்ஸில் இருக்கும் ஐ.எஸ். பற்றி ஒரு வார்த்தை: அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. அதை நம்பி ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

சரி, சாயங்காலம்? இங்கேதான் நான் ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். ரிலேக்களை எப்போதும் கடைசியில்தான் வைப்பார்கள், எல்லாப் பிள்ளைகளும் இருந்து கத்த வேண்டுமே. அந்த வருஷம் 4x100 தொடங்கும்போது மணி ஐந்தே முக்கால், மேற்கே கருமேகம், பனைமரங்கள் எல்லாம் கறுப்பாகிவிட்டன. என்னிடம் 250 எம்எம், எஃப்/5.6. ஐ.எஸ்.ஓ.-வை 6400 வரை ஏற்றியும் ஷட்டர் 1/250-க்கு மேல் போகவில்லை. பெரிய பிள்ளைகள் விநாடிக்கு எட்டு மீட்டர் ஓடுவார்கள், 1/250-இல் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார்கள், வீசும் கை அதைவிட வேகம். பேட்டன் கைமாறும் இடத்தில் எடுத்த நாற்பது படத்தில் ஒன்றில்கூட முகம் இல்லை, முகம் இருந்த இடத்தில் ஒரு தேய்ப்பு. எங்கள் பெண்கள் அன்று முதலில் வந்தார்கள். அந்த நாலு பேருக்கும் கொடுக்க என்னிடம் மெடலோடு வரிசையாக நின்ற படம் மட்டும்தான் இருந்தது.

அடுத்த மீட்டுக்கு முன் 85 எம்எம் எஃப்/1.8 வாங்கினேன். கேனான் இ.எஃப். 85 யு.எஸ்.எம்., 1992-இல் வந்த பழைய வடிவம், செகண்ட் ஹேண்டில் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது, ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும். எஃப்/5.6-இலிருந்து எஃப்/2-க்கு வந்தால் எட்டு மடங்கு வெளிச்சம். அதே இருட்டில், ஐ.எஸ்.ஓ.-வை 3200-க்குப் பாதியாகக் குறைத்தும், 1/1000 கிடைக்கும். ஆனால் அதற்கு நீங்கள் கிட்டே போக வேண்டும், மேலே சொன்ன பதினொன்றரை மீட்டர். அப்புறம் இன்னொன்று. எஃப்/1.8-இல் பத்து மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் ஒரு மீட்டர்தான், நேரே ஓடி வருகிறவர் அதை விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடுவார். அதனால் நான் எஃப்/2.2 அல்லது 2.5 வைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் மன்னிக்கும். உள்ளரங்க பேட்மின்டனுக்கும் ஆடிட்டோரியத்தில் நடக்கும் டேக்வாண்டோவுக்கும் இதே லென்ஸ்தான். அங்கே பல எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும், வேக ஷட்டரில் ஒரு படம் இருட்டு ஒரு படம் வெளிச்சம் என்று வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். 85-க்குக் காசு இல்லையென்றால் 50 எஃப்/1.8 எஸ்.டி.எம். வாங்கலாம், கபடிக்கும் கோ-கோவுக்கும் அருமை, ஆனால் ட்ராக்குக்கு ரொம்பக் கிட்டே போக வேண்டிவரும்.

70-200 எஃப்/2.8 நல்ல லென்ஸ்தான், அதில் சந்தேகமே இல்லை. கேனானின் சொந்த லென்ஸைப் புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும், எடை ஒன்றரைக் கிலோ. எஃப்/5.6-ஐவிட நாலு மடங்கு வெளிச்சம் தரும், 85-ஐ எஃப்/2-இல் வைத்தால் அதைவிட இரண்டு மடங்கு. நீங்கள் இதையே தொழிலாக எடுக்கப்போவதில்லை, ஒரு பிள்ளையை வருஷத்தில் ஐந்தாறு நாள் எடுக்கப்போகிறீர்கள். அந்தக் காசில் நல்ல ஸ்பைக்ஸ், அவளை நல்ல ட்ராக்கில் ஓடவைக்கப் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போகும் செலவு, எல்லாம் பார்த்துவிட்டு மீதியும் இருக்கும். நம் பாலக்காட்டு முண்டூரில் வளர்ந்த பி.யு. சித்ரா 2017-இல் புவனேஸ்வரத்திலும் 2019-இல் தோஹாவிலும் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார், அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கிறார்கள். உங்கள் காசு முதலில் ஓட்டத்துக்குப் போகட்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போனால் ஃபங்கஸ், அதாவது உள்ளே வளரும் பூஞ்சை, இருக்கிறதா என்று பாருங்கள். கோவையில் ஒரு கடையில் 70-300 ஒன்று வாங்கினேன், வெளியே புதுசு போல இருந்தது. சாயங்கால வெயிலை நோக்கி எடுத்த படமெல்லாம் பால் ஊற்றினாற்போல் வெளுத்து வந்தபோதுதான் உள்ளே பார்த்தேன், கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்திக் கால் மாதிரி நூல் நூலாகக் கிளம்பியிருந்தது. மூடியைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், இருந்தால் தெரிந்துவிடும். நம் மழைக்காலத்தில் லென்ஸைத் துணிப் பையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மைதானத்தில் வேறு பிரச்சினை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பிவிட்டால் செம்மண் சுழன்று அடிக்கும், அங்கே நின்று லென்ஸ் மாற்றக் கூடாது. வகுப்பறைக்குள் போய், கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள்.

செட்டிங் சுருக்கமாக. எம் மோடு (மேனுவல்), ஷட்டர் 1/1000, அப்பர்ச்சர் (எஃப் எண்) முடிந்த அளவு திறந்து, ஐ.எஸ்.ஓ. ஆட்டோ. ஃபோகஸை, அசையும் ஆளைத் துரத்திக்கொண்டே இருக்கும் ஏஐ செர்வோவுக்கு மாற்றுங்கள், ஒன்பது புள்ளியில் நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், 1500டி-யில் அது ஒன்றுதான் குறுக்கும் நெடுக்கும் உணரும் புள்ளி, மற்றவை அவ்வளவு நம்பகமில்லை. அந்தப் புள்ளியை முகத்தில் வைக்க முயன்றால் நழுவும், நெஞ்சில் குத்தியிருக்கும் நம்பரில் வையுங்கள், முகமும் அதே தூரம்தான். இந்தக் கேமரா விநாடிக்கு மூன்று படம்தான் எடுக்கும், அழுத்திப் பிடித்தபடி இருந்தால் நல்ல கணம் இரண்டு படத்துக்கு நடுவில் போய்விடும். பார்த்து, ஒற்றையாக அழுத்திப் பழகுங்கள்.

இனி உங்கள் மகளின் 800. பள்ளி மைதானத்தில் பெரும்பாலும் 200 மீட்டர் ட்ராக்தான் போட்டிருப்பார்கள், ஆக நாலு சுற்று, உங்களுக்கு நாலு வாய்ப்பு. ஃபினிஷ் கோட்டில் போய் நிற்காதீர்கள், அங்கே டைம் கீப்பர்களும் பி.டி. சாரும் முன்னால் வந்துவிடுவார்கள், அவர்கள் வேலை அது. கடைசி வளைவு முடிந்து நேர் ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு எதிரே, ட்ராக்குக்கு வெளியே, முட்டி போட்டு உட்காருங்கள். வளைவிலிருந்து திரும்பும்போது பிள்ளைகள் நேரே உங்களைப் பார்த்து வருவார்கள், ரிப்பனும் பின்னால் பறக்கும். நேரே வருகிறவரின் உடம்பு அவ்வளவாக அசைவாகத் தெரியாது, பக்கவாட்டைவிட மன்னிக்கும். முதல் சுற்றில் வெளிச்சம் சரியா என்று பாருங்கள், இரண்டாவதில் சட்டம் சரியா என்று பாருங்கள், மூன்றாவதில் எடுக்கவே வேண்டாம், எந்த இடத்தில் அவள் தலையை நிமிர்த்துகிறாள் என்று மட்டும் கவனியுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு இடம் இருக்கும். 55-250-ஐ முழுக்க நீட்டி, நாலாவது சுற்றில் அவள் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துங்கள்.

ரிலேக்கு 85 வாங்கிய பிறகு எழுதுங்கள், பேட்டன் கைமாறும் இடத்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தனியாகச் சொல்கிறேன்.