1978 சூப்பர்மேன் பின்னணி இசை அப்போதே இசைத்தட்டாக வந்துவிட்டதே, பிறகு எதற்கு இத்தனை ‘முழுப் பதிப்பு’கள்?

கேள்வியில் “மறுபடி மறுபடி காசு பார்க்கத்தானே?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். காசும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் டேப். ‘இதுதான் படத்தின் முழு இசை’ என்று சொல்லி எடுத்துக் கொடுக்க ஒரே டேப் எங்கும் கிடையாது.

இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து, லண்டனுக்கு வெளியே டென்ஹமில் இருந்த ஆன்வில் ஸ்டூடியோவில் பதிவு செய்த இசை அது. அது மூன்று வடிவங்களாகப் பிரிந்துவிட்டது. கூடத்தில் வாசித்த டேக்குகள் (ஒவ்வொரு முறை வாசித்ததன் பதிவு) ஒன்று. படத்துக்காக வெட்டி ஒட்டி, வசனத்தோடும் சத்தங்களோடும் கலந்தது இன்னொன்று. மூன்றாவது, வில்லியம்ஸ் இரட்டை எல்.பி. இசைத்தட்டுக்காகத் தொகுத்தது. எல்.பி.யில் கதை வரிசை கிடையாது, கேட்க எது நன்றாக இருக்கும் என்பதே கணக்கு. கிளார்க் வீட்டைவிட்டுக் கிளம்பும் இசைக்கு முன்பாகவே காதல் இசை வந்துவிடும். அந்த எல்.பி.யை சி.டி.யாக மாற்றியபோது ஒரே தட்டில் அடங்கவில்லை (அன்றைய சி.டி. கொள்ளளவு 74 நிமிடம்). அமெரிக்கப் பதிப்பில் இரண்டு இசைத்துண்டுகளைத் தூக்கிவிட்டார்கள்.

பதிவு நடக்கும் முறை தெரிந்தால் மறுவெளியீட்டின் கஷ்டம் புரியும். படத்தின் ஒவ்வொரு ரீலுக்கும் இசைத்துண்டுகளை எண்ணிட்டு வைப்பார்கள். ‘7எம்2’ என்றால் ஏழாவது ரீலின் இரண்டாவது துண்டு. காட்சியோடு சரியாகப் பொருந்த வேண்டிய துண்டுகளுக்கு வாசிப்பவர்களின் காதில் தாளம் காட்டும் ‘க்ளிக்’ சத்தம் ஓடும். அதன் கணக்கு ஃபிரேமில். வினாடிக்கு 24 ஃபிரேம் என்பதால், 12 ஃபிரேமுக்கு ஒரு க்ளிக் என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. பன்னிரண்டரை என்றால் 115.2. ஒரு துண்டை ஏழெட்டு முறைகூட வாசிப்பார்கள். ஐந்தாவது டேக்கில் தாளம் கச்சிதம், எட்டாவதில்தான் டிரம்பெட் பிசிறில்லாமல் ஏறியிருக்கும். ‘24ஆம் பார் (தாளக்கட்டு) வரை டேக் 5, அங்கிருந்து டேக் 8’ என்று ஒரு தாளில் குறித்து வைப்பார்கள். அந்தத் தாள் போய்விட்டால், மறுவெளியீடு செய்பவர் எல்லா டேக்கையும் படத்தோடு ஒட்டிப் பார்த்து, எது எங்கே வெட்டப்பட்டது என்று காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

மைக் விஷயமும் இதில் சேரும். ஆர்கெஸ்ட்ரா பதிவில் பரவலாக இருப்பது டெக்கா ட்ரீ: கண்டக்டரின் தலைக்கு மேலே, எல்லாத் திசையிலும் கேட்கும் மூன்று மைக். இடம் வலம் சுமார் 2 மீட்டர் இடைவெளி, நடு மைக் ஒன்றரை மீட்டர் முன்னால். முக்கால்வாசி ஒலி இதிலிருந்துதான். ஹார்ப், உட்விண்ட் பக்கத்தில் தனி மைக் வைத்து உப்பு மாதிரி அளவாகச் சேர்ப்பார்கள். தனித்தனி டிராக் உள்ள டேப் கிடைத்தால் ஹார்ப்பைக் கொஞ்சம் தூக்கலாம். கலந்து முடித்த நகல் மட்டும் இருந்தால் சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம். பறக்கும் காட்சியில் நாயகி மார்கோ கிடர் பேசுவது இசைமேல் வருகிறதே, பேச்சில்லாத வடிவம் வேண்டுமென்றால் குரல் கலக்காத டேப்தான் வேண்டும்.

டேப் கிடைத்தாலும் உடனே ஓடவிடக் கூடாது. 70களின் நடுவிலிருந்து வந்த பல டேப்புகளில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கீச்சென்று சத்தம் வரும், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு அழுக்கு அப்பும். அந்த அழுக்குதான் இசை, அழித்துக்கொண்டே கேட்கிறீர்கள் என்று அர்த்தம். மருந்து: 50–55 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் சீராகச் சுட வைப்பது, 2 அங்குல டேப்புக்கு இன்னும் அதிக நேரம். குணம் தற்காலிகம்தான், அதனால் ஆறவிட்டுச் சில வாரங்களுக்குள் நகலெடுத்துவிட வேண்டும். அசிட்டேட் டேப்பை மட்டும் சுடவே கூடாது, சுருண்டு உடைந்துவிடும். ரீலை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: சுற்றின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அசிட்டேட். 35 மி.மீ. காந்தப் படச்சுருள் என்றால் பெட்டியைத் திறந்ததுமே வினிகர் வாடை சொல்லிவிடும். அது சுருங்கவும் ஆரம்பித்திருக்கும், ஓரத்துத் துளைகள் பல்சக்கரத்தில் சரியாக உட்காராது.

அடுத்தது டால்பி ஏ. இரைச்சலைக் குறைக்கக் குறியேற்றிப் பதிந்த டேப்பை, அதே அளவில் குறியிறக்க வேண்டும். அதற்கான அளவுத் தொனி டேப்பின் தொடக்கத்தில் இருக்கும். யாரோ அதை வெட்டி எறிந்திருந்தால் அளவை ஊகிக்க வேண்டியதுதான். ஊகம் தப்பினால் சிம்பல் மங்கும், அல்லது மெல்லிய இடங்களில் இரைச்சல் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். பழைய சி.டி. பலவற்றில் ‘டேப் அவ்வளவுதான்’ என்று நாம் மன்னித்துவிட்ட குறை, பெரும்பாலும் இந்தச் சீரமைப்புக் குறையோ நகலின் நகலைப் பயன்படுத்தியதோதான். சம தரமுள்ள இயந்திரத்தில் ஒரு நகல் எடுத்தாலே இரைச்சல் சுமார் 3 டெசிபல் கூடிவிடும்.

வேகத்திலும் கண்ணி இருக்கிறது. ஐரோப்பாவின் பால் (PAL) முறை டி.வி.டி.யில் படம் 24க்குப் பதில் 25 ஃபிரேமில் ஓடும். சுமார் 4 சதவீதம் வேகம், சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு மேலே. ரசிகர்கள் டி.வி.டி.யிலிருந்து உருவி இணையத்தில் போடும் ‘முழு இசை’ பல இப்படித்தான் கீச்சுக் குரலில் இருக்கும். அமெரிக்க வீடியோவில் 0.1 சதவீத வித்தியாசம். காதுக்குத் தெரியாது, ஆனால் 3 நிமிடத் துண்டின் முடிவில் நாலு ஃபிரேம் விலகி நிற்கும்.

இப்போது அந்த ‘முழுப் பதிப்பு’களுக்கு வருவோம். 1998இல் வரீஸ் சராபாண்ட் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் கொண்டுவந்தது அசல் டேப்பே அல்ல. ஜான் டெப்னி நடத்த, ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ரா புதிதாக வாசித்தது. ஸ்டூடியோவின் மாஸ்டரைத் தொட வேண்டாம், இசைக்குறிப்பு கிடைத்தால் போதும் என்பதுதான் இந்த வழியின் வசதி. வாசிப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் படத்தில் கேட்ட டிரம்பெட் அது இல்லை. 2000இல் ரைனோ அசல் பதிவை இரண்டு சி.டி.யாகக் கொண்டுவந்தது. 2008இல் ஃபிலிம் ஸ்கோர் மந்த்லியின் எட்டு சி.டி. பெட்டி, நான்கு படங்களையும் 1988 கார்ட்டூன் தொடரையும் சேர்த்தது. தொலைந்ததாக நினைத்த முதல் தலைமுறை டேப்புகள் கிடைத்த பிறகு வந்தது, 2019இன் லா-லா லேண்ட் மூன்று சி.டி. பதிப்பு, தயாரிப்பு மைக் மட்டெசினோ. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதைத்தான் சொல்வேன்.

‘3000 பிரதிகள் மட்டும்’, ‘5000 மட்டும்’ என்று போடுவது வெறும் விளம்பரம் இல்லை. ஸ்டூடியோவின் உரிமக் கட்டணமும், இசைக்கலைஞர் சங்கத்துக்குத் தர வேண்டிய மறுபயன்பாட்டுத் தொகையும் எத்தனை பிரதி என்பதைப் பொறுத்தே பேசப்படுகின்றன. டேனி எல்ஃப்மனின் 1989 பேட்மேன் இசை 2010இல் லா-லா லேண்ட் மூலம் வந்தபோதும் 5000தான். அதில் முதல் தட்டில் படத்தின் இசை, இரண்டாவதில் 1989 ஆல்பம் என்று கலக்காமல் வைத்திருந்தார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இரண்டு தட்டும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எந்தப் பதிப்பானாலும் கையேட்டில் ‘எந்த டேப்பிலிருந்து எடுத்தது’ என்ற பத்தியைத் தேடுங்கள். வெறுமனே ‘ரீமாஸ்டர்’ என்று மட்டும் போட்டிருந்தால் பழைய நகலுக்கே ஒலி கூட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.